வெறுத்தவர் பெயர்

சொல்லுக்குப் பொருள் எழுதுவது என்ன பெரிய வித்தை என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இந்தச் செங்கோடனார் கதை இருக்கிறது.

செங்கோடனார் ஐம்பதை எட்டும் வயதில், ஓலை ஏடுகள் எழுதிக் காக்கும் ஏடகத்தில் மாணவராகச் சேர்ந்தவர். அதற்கு முன் உப்பு வண்டி ஓட்டினார். சந்தை சந்தையாக அலைந்த மனிதர் என்பதால் பல ஊர்ச் சொற்கள் அவர் காதில் ஏறிக் கிடந்தன. ஆசிரியர் நங்கையாருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதை ஏடகத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. செங்கோடனார் மட்டும் முதல் மாதம் கொஞ்சம் பொருட்படுத்தினார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

ஏடகத்தில் ஒரு நிகண்டு உருவாகிக்கொண்டிருந்தது. நாட்டில் வழங்கும் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளும் ஓர் எடுத்துக்காட்டும் தரும் நூல் அது. அதற்கு ஒரு சட்டம் உண்டு. எந்தச் சொல்லானாலும் மூன்று பேர் சொல்லக் கேட்ட பிறகுதான் ஏட்டில் ஏற வேண்டும். 'மூன்று வாய்' என்று அந்தச் சட்டத்துக்குப் பெயர். எழுதி முடித்த ஏட்டைப் படியெடுத்துச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள்.

'ஊர்வெறுப்பு' என்ற சொல் செங்கோடனார் பங்குக்கு வந்தது. அவர் எழுதினார்:

"ஊர்வெறுப்பு: ஊரார் அனைவரும் ஒருவரை வெறுத்தல். நொச்சியேந்தல் மருதாயியை ஊர் வெறுத்தது போல."

வரி சுருக்கமாக இருந்தது. பிள்ளைகள் நாக்கில் சட்டென்று ஒட்டிக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் நிகண்டிலேயே அதிகம் ஓதப்படும் வரி அதுதான் என்று ஆகிவிட்டது. அந்தச் சேதி காதுக்கு எட்டியபோது செங்கோடனாருக்குத் தலைகால் புரியவில்லை. நேராக ஆசிரியரிடம் போனார்.

"அம்மையே, என் வரி முப்பத்தேழு பள்ளிக்கூடங்களில் ஒலிக்கிறதாம்."

நங்கையார் ஓலை நறுக்கிக்கொண்டிருந்தார். "எந்த வரி?"

செங்கோடனார் ராகத்தோடு சொன்னார்.

"மருதாயி யார்?"

"நொச்சியேந்தலில் ஒருத்தி."

"என்ன செய்தாள்?"

"அது தெரியாது. ஊரே அவளை வெறுக்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்று வாய் கேட்டுத்தான் எழுதினேன்."

"வெறுக்கப்பட்டவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. வெறுத்தவர் பெயர்?"

"ஊர்."

"ஊருக்கு வாய் எங்கே இருக்கிறது, செங்கோடனாரே?"

நங்கையார் கத்தியைக் கீழே வைத்தார். "நானும் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். அன்று எனக்கும் இது தோன்றவில்லை." நறுக்கிய ஓலைகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். "நொச்சியேந்தலுக்குப் போங்கள். வெறுத்தவர்கள் பெயரை எழுதி வாருங்கள்."

"எத்தனை பேர்?"

"சட்டம் தெரியுமே. மூன்று போதும்."

இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேதான் செங்கோடனார் கிளம்பினார். ஊரே வெறுக்கும் இடத்தில் மூன்று பேரைப் பிடிப்பது கடலில் உப்பு எடுப்பது போலத்தானே?

இரண்டாம் நாள் காலையில் நொச்சியேந்தல் வந்தது. எல்லையில் ஆடு மேய்த்தவரிடம் மருதாயி வீடு எது என்று கேட்டார்.

"யாரு, நிகண்டு மருதாயியா?" என்றார் அவர். "கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் ஒத்தக் குடிசை."

தம் வரி தமக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று செங்கோடனாருக்குப் புரிந்தது.

மருதாயிக்கு நாற்பது வயது இருக்கும். குடிசைக்குப் பக்கத்தில் ஊற்றுக்குழி தோண்டி, ஊறிய கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். நூறடி தூரத்தில் ஊர்க்கிணறு இருந்தது.

"ஏடகத்திலிருந்து வருகிறேன். உங்கள் கதையைக் கேட்க வேண்டும்."

"எங்கதைதான் சந்தி சிரிக்குதே. புதுசா என்ன இருக்கு?"

ஆனாலும் சொன்னாள். அவள் அந்தக் கண்மாயின் காவல்காரி. தண்ணீர் ஏறி, கரைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தமுக்கு அடித்து ஊரை எழுப்புவது அவள் வேலை. நான்கு வருடத்துக்கு முன் அறுவடை நாளில் பேய் மழை பெய்தது. கரையில் ஓரிடத்தில் மண் சரிந்தது. அவள் தமுக்கு அடித்தாள். களத்தில் நெல்லை அப்படியே போட்டுவிட்டு ஊர் மேட்டுக்கு ஓடியது. கரை உடையவில்லை. நெல் நனைந்து களத்திலேயே முளைவிட்டது.

"ஒடையும்னு நெனச்சேன். ஒடையல. தப்புத்தான். இல்லேங்கல. தமுக்கப் புடுங்கிக்கிட்டாக. கெணத்துல தண்ணி எடுக்கக் கூடாதுன்னாக."

"நான்கு வருடமாகவா?"

"எங்கிட்டு! மொத வருசம் கோவமா இருந்தாக. ரெண்டாம் வருசம் நல்லா வெளஞ்சுச்சு, ஆறிப்போச்சு. வார வெள்ளிக்கெழம கெணத்துக்கு வாடின்னு ஆள் விட்டுச் சொன்னாக. கொடத்தக் கழுவி வச்சேன். அந்த வாரந்தான் பள்ளிக்கூடத்துப் புள்ளைக பாட ஆரம்பிச்சுச்சுக. ஏட்டுலயே வந்துருச்சு, இனிமே சேத்துக்கிட்டா ஊருக்குத்தான் இழுக்குன்னுட்டாக."

மருதாயி துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அத எழுதுன மகராசன நீங்க பாத்திருக்கீகளா?"

"நான்தான் எழுதினேன்."

மருதாயி துணியை உதறிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏய்யா, கறியில உப்புப் பத்தலன்னு சொல்றதுக்குக்கூட ஒரு தடவ நாக்குல வச்சுப் பாப்பாக. ஒரு எட்டு வந்து என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

உப்பு விற்ற மனிதருக்கு அது உறைத்தது. ஐம்பது வருடத்தில் யாரிடமும் அவர் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. கேட்டிருக்க வேண்டும். மூன்று பேரிடம் கேட்டவர், நாலாவதாக அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

"நாளைக்குச் சாவடியில கூட்டம்," என்றாள் அவள். "எல்லையத் தாண்டிப் போகச் சொல்லப் போறாக. போனாப் போறேன். ஆனா ஐப்பசி மழை வருது. அந்தச் சரிஞ்ச எடத்த இன்னும் யாரும் சரியாக் கட்டல. எனக்கப்புறம் இந்தக் கரையில நிக்க ஒரு ஆள் இல்ல." தமுக்கைப் பறித்த பிறகும் அவள் தினமும் கரையைச் சுற்றி வந்துகொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் சாவடி நிறைந்து வழிந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? மருதாயி ஓரமாகத் தனியே நின்றாள்.

நாட்டாமை வெள்ளையப்பன் தொண்டையைச் செருமினார். "நாங்களா புதுசா ஒண்ணும் சொல்லல. ஏட்டுலயே இருக்கு. ஊருக்கே ஆகாதவ ஊருக்குள்ள எதுக்கு? அம்புட்டுத்தான் விசயம்."

செங்கோடனார் எழுந்தார். "அந்த ஏட்டை எழுதியவன் நான்."

சாவடியில் ஒரு சலசலப்பு. நாலைந்து பேர் பயபக்தியோடு கும்பிடுகூடப் போட்டார்கள். பெருமையாக நின்றிருக்க வேண்டிய நேரம்தான். அவருக்கு அவமானமாக இருந்தது.

"மூன்று பேர் சொல்லிக் கேட்டு எழுதினேன். ஒருவர் வளையல்காரர். ஒருவர் ஓடக்காரர். ஒருவர் என்னோடு உப்பு வண்டி ஓட்டியவர். மூவரில் ஒருவர்கூட உங்கள் ஊர்க்காரர் இல்லை. பிழை என்னுடையது. அதைச் சரிசெய்ய வந்திருக்கிறேன்."

காலி ஓலையை எடுத்து இடது கையில் பிடித்தார். எழுத்தாணியை ஊன்றினார்.

"வெறுக்கிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள். 'இன்னார் ஆகிய நான் வெறுக்கிறேன், இன்ன காரணத்தால்.' அப்படியே எழுதிக்கொள்கிறேன். முப்பத்தேழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை ஓதுவார்கள். மூன்று பேர் போதும்."

"மூணு என்ன, முந்நூறு பேரு சொல்லுவாகய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நல்லது. உங்கள் பெயர்?"

குரல் எங்கே போனதோ, அதற்குப் பிறகு அன்று முழுக்கக் கேட்கவில்லை.

"நாட்டாமையே, உங்களிடமிருந்து தொடங்கலாமா?"

வெள்ளையப்பன் துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். "எனக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல. ஊரு சொல்லுது. நான் ஊருக்குக் கட்டுப்பட்டவன்."

செங்கோடனார் அடுத்தவர் முன் போய் நின்றார். அவர் மேலத்தெரு முத்துக்கருப்பன்.

"நமக்கென்னய்யா? எங்க நெல்லு அன்னைக்கு முந்துன நாளே வீடு வந்து சேந்துருச்சு. கீழத்தெருக்காரகளுக்குத்தான் சேதம். அவுகளக் கேளுங்க."

கீழத்தெருவிலிருந்து பொன்னழகு என்ற பெண் எழுந்தாள். "சேதந்தான். மறு வருசம் ரெண்டு மடங்கு வெளஞ்சு ஈடாயிருச்சு. மேலத்தெருவுல பேசிக்கிட்டாக, பெரியவுக பேசுனாச் சரியாத்தான் இருக்கும்னு நாங்களும் பேசுனோம்."

"கெணத்துல தண்ணி எடுக்க விடாதது யாரு அப்ப?" என்றார் ஒருவர்.

"எம் மருமகதான் வெரட்டுவா," என்றாள் ஒரு கிழவி.

"நானா? நீங்க சொல்லித்தானத்த வெரட்டுனேன்!"

"நான் எங்கடி சொன்னேன்? ஊரு சொல்லுச்சு, சொன்னேன்."

சாவடியில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. எல்லாரும் கும்பலில் கோவிந்தா போட்டிருக்கிறார்கள். கோவிந்தா போட்டது யார் என்று தேடினால் கும்பலில் ஆளைக் காணோம். செங்கோடனார் சாவடியை முழுதாக ஒரு சுற்று வந்துவிட்டார். ஓலையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்போது தூணைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எழுந்தார். வலது கால் மடங்காமல் நீட்டியபடி இருந்தது.

"எழுதிக்கங்க. சடையன் ஆகிய நான் வெறுக்குறேன்."

சிரிப்பு நின்றது.

"காரணம்?"

"அன்னைக்கு மேட்டுக்கு ஓடுறப்ப விழுந்தேன். கால் போச்சு. உழவு போச்சு. இந்த ஊருல இவுகளுக்கெல்லாம் நெல்லுத்தான் போச்சு. எனக்குக் கால் போச்சு."

செங்கோடனார் எழுதத் தொடங்கினார். ஓலையில் எழுத்தாணி கீறும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. 'சடையன் ஆகிய நான்' என்பது வரை எழுதியிருப்பார். ஓரத்தில் நின்ற மருதாயி நடந்து வந்து சடையன் முன்னால் நின்றாள். நான்கு வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் அவள் ஊரார் யாரிடமும் வந்ததில்லை.

"உங்களுக்குக் கால் போனது எனக்குத் தெரியாதுண்ணே. கரைக்கு அந்தப் பக்கம் கெடந்தேன். எங்கிட்ட யாரும் பேசல. எந் தமுக்குச் சத்தத்துக்கு ஓடித்தான் விழுந்தீக. எந் தப்புத்தான். என்னைய மன்னிச்சிருங்கண்ணே."

சடையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் கலங்கிவிட்டது.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் தாயி நாலு வருசமாக் காத்துக் கெடந்தேன்," என்றார். "இம்புட்டுப் பேரும் சேந்து கத்துன கத்துல, எனக்கு வலிக்குதுன்னு நான் சொன்னது உனக்குக் கேக்கவே இல்ல."

அவர் செங்கோடனார் பக்கம் திரும்பினார். "அய்யா, அத அடிச்சிருங்க."

செங்கோடனார் அடித்தார். இவ்வளவு மகிழ்ச்சியாக அவர் எந்த எழுத்தையும் அடித்ததில்லை.

வெள்ளையப்பன் எழுந்து வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் தமுக்கு இருந்தது. ஒட்டடையை அவரே துண்டால் துடைத்து நீட்டினார். மருதாயி தோலை விரலால் தட்டிப் பார்த்தாள். தொய்ந்து கிடந்தது. வைக்கோலைக் கொளுத்தி, அனலில் காட்டி, திருப்பித் திருப்பி வாட்டினாள். ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. பொன்னழகு கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல், அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. செங்கோடனார் இன்னும் கிளம்பவில்லை. நடுப்பகலில் தமுக்கு முழங்கியது.

சாவடியில் ஒதுங்கியிருந்த செங்கோடனார் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். ஒருமுறை ஏமாந்த ஊர். தமுக்கு ஓய்ந்து ஓய்ந்து மறுபடி முழங்கியது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

பிறகு ஒரு கதவு திறந்தது. சடையன் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தெருவில் இறங்கினார்.

"வாங்கடா! தமுக்குச் சத்தம் கேக்கலயா?" என்று அவர் போட்ட சத்தத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் திறந்துகொண்டன. இந்த முறை யாரும் மேட்டுக்கு ஓடவில்லை. கூடையும் மண்வெட்டியும் வைக்கோல் புரியுமாகக் கரைக்கு ஓடினார்கள். செங்கோடனாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மருதாயி சரிந்த இடத்தில் நின்று, மண் எங்கே, வைக்கோல் எங்கே என்று கையைக் காட்டிக் காட்டிக் கத்தினாள். நாட்டாமை அவள் சொன்ன இடத்தில் மண் கொட்டினார். பொழுது சாயும்போது மழை விட்டது. கரை நின்றது.

அன்று அது உடைந்திருக்குமா, உடைந்திருக்காதா என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் பொங்கி வழிந்தபோது ஊர் போட்ட குலவைச் சத்தம் அடுத்த ஊர் வரை கேட்டதாம். சேறு பூசிய மருதாயியைப் பெண்கள் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் குடம் குடமாக ஊற்றினார்கள்.

ஓலையில் ஒருமுறை கீறியதைச் சுரண்டி எடுக்க முடியாது. ஓலையைத்தான் மாற்ற வேண்டும். செங்கோடனார் முப்பத்தேழு பள்ளிக்கூடங்களுக்கும் தாமே நடந்து போய், பழைய ஓலையை உருவி, புதிய ஓலையைக் கோத்தார். ஏடகத்துக்குத் திரும்பியபோது பங்குனி வந்துவிட்டது. உருவிய ஓலைகளைக் கட்டாகக் கட்டி நங்கையார் முன் வைத்தார்.

"மூன்று பெயர் கிடைத்ததா?"

"ஒன்று கிடைத்தது, அம்மையே. எழுதி முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது."

"பிறகு எதை எழுதினீர்கள்?"

செங்கோடனார் புதிய ஓலையைக் கொடுத்தார். நங்கையார் படித்தார்.

"ஊர்வெறுப்பு: ஊரார் அனைவரும் ஒருவரை வெறுத்தல்." அதற்கடுத்து இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். பிறகு, "ஆகிய நான் வெறுக்கிறேன் என்பது போல."

"ஓதுகிறவர் தம் பெயரைச் சேர்த்து ஓத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்," என்றார் செங்கோடனார்.

"பிள்ளைகள் ஓதுகிறார்களா?"

"அந்த இடம் வரை சத்தமாக ஓதுகிறார்கள். வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். முப்பத்தேழு பள்ளிக்கூடத்திலும் வரி அங்கேயே நின்றுவிடுகிறது."

நங்கையார் சிரித்தார். செங்கோடனார் அந்தச் சிரிப்பை முதன்முறையாகப் பார்த்தார். வயிறு நிறைந்தது போல் இருந்தது. ஆனால் பாதியில் நிற்கும் வரி ஒரு நிகண்டுக்காரரை உறுத்தாமல் இருக்குமா? அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நூல் நிறைவேற வேண்டுமே, அம்மையே. அந்த வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது?"

நங்கையார் அந்த ஓலையை நிகண்டில் அதன் இடத்தில் கோத்தார். எழுத்தாணியை எடுத்து, ஏட்டின் மேலேயே வைத்தார்.

"இது இங்கேயே இருக்கும். வெறுக்கிறவர் வந்து தம் கையால் எழுதட்டும்."